508 யூனிட் வந்துருச்சு: வாடகை வீட்ல கரண்ட் பில்லை என்னதான் செய்றது?

கூடல்நகர்வாசி · 11 மே 2025

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கோம், நான், வீட்டம்மா, ரெண்டு பிள்ளைக, எங்கம்மா. எங்க போர்ஷனுக்கு தனி மீட்டர், அதுவரைக்கும் நிம்மதி. போன தடவை 430 சொச்சம் வந்துச்சு, இந்த தடவை மார்ச் ஏப்ரல் சேத்து 508. பில்லு 2,107 ரூபா. 500க்கு மேல எட்டு யூனிட் போனதுக்கு இம்புட்டு ஏறுமான்னு உக்காந்து கணக்கு போட்டேன், 500லயே நின்னுருந்தா 1,805தான். எட்டு யூனிட்டுக்கு 302 ரூபா!

அம்மாவுக்கு மூச்சு பிரச்சனை, சித்திரை வெயில்ல ராத்திரி ஏசி இல்லாம படுக்க முடியல, அதனால ஏசியை நிறுத்துங்கன்னு மட்டும் யாரும் சொல்லிராதீங்க. ரெண்டு விஷயம் கேக்கணும். ஒண்ணு, ஓனர் மொட்டை மாடி காலியாத்தான் கெடக்கு, வாடகைக்கு இருக்குறவன் சோலார் போட வழி இருக்கா? ரெண்டாவது, என் மச்சான் மும்பைல இருக்கான், அங்க கரண்ட் கம்பெனியை நாமளே மாத்திக்கலாமாம், சிம் மாத்துற மாதிரி. நமக்கும் அப்படி வந்தா பில்லு குறையுமா?

---

திருச்சி வயர்மேன் · 11 மே

அண்ணே உங்க கணக்கு சரிதான். நெறைய பேருக்கு இது தெரியாது, அதனால விளக்கமா போடுறேன். 2024 ஜூலை ரேட் படி 500க்குள்ள இருந்தா முதல் 100 ஃப்ரீ, அடுத்த 100க்கு யூனிட் 2.35, அப்புறம் 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. 500ஐ தாண்டுன உடனே அந்த 2.35 ரேட் காணாம போயிரும், 101ல இருந்தே 4.70 ஆயிரும், அங்கயே 235 ரூபா போச்சு. அதுக்கு மேல வர்ற ஒவ்வொரு யூனிட்டும் 8.40. உங்க எட்டு யூனிட்டுக்கு 67 ரூபா, ரெண்டையும் கூட்டுங்க, 302. அதாவது 501வது யூனிட்டோட விலை மட்டும் 243 ரூபா.

அதனால உங்களுக்கு இப்ப சோலாரும் வேணாம் கம்பெனி மாத்தவும் வேணாம், முதல்ல ஒரு வேலை பண்ணுங்க. ராத்திரி எல்லாரும் படுக்குறதுக்கு முன்னாடி வீட்ல எல்லா சுவிட்சையும் அணைச்சுருங்க, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பத்து நிமிசம் புடுங்கிருங்க, மெயினை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க. இப்ப டார்ச் எடுத்துட்டு போய் மீட்டர் முன்னாடி நில்லுங்க. சின்னதா ஒரு சிவப்பு லைட் இருக்கும். அது மின்னவே கூடாது. மின்னுச்சுன்னா எங்கயோ கரண்ட் போயிட்டு இருக்கு. 3200 தடவை மின்னுனா ஒரு யூனிட்னு பெரும்பாலான மீட்டர்ல முகப்புலயே எழுதிருக்கும், சிலதுல வேற நம்பர் இருக்கும் பாத்துக்கங்க. நிமிசத்துக்கு ஒரே ஒரு தடவை மின்னுனா கூட ரெண்டு மாசத்துல 27 யூனிட் ஆயிரும். உங்களுக்கு 500க்கு மேல போனது எட்டுதான்.

இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைங்க. நாப்பதாவது நாள்ல 350 தாண்டிருச்சுன்னா அப்பவே உஷாராயிரலாம், பில்லு வந்தப்புறம் பாத்து என்ன பிரயோஜனம்.

---

வேளச்சேரி நித்யா · 11 மே

தனி மீட்டர் இருக்கறவங்க குடுத்து வச்சவங்க. எங்க வீட்ல ஓனர் ஒரே கனெக்ஷன்ல மூணு போர்ஷனுக்கு சப் மீட்டர் வச்சிருக்காரு, யூனிட்டுக்கு 10 ரூபா. போன தடவை எங்களுக்கு 200 யூனிட், 2,000 ரூபா வாங்கிட்டாரு. எங்க பேர்ல தனி கனெக்ஷன் இருந்திருந்தா 235 ரூபாதான் வந்திருக்கும். 2016ல 100 யூனிட் இலவசம்னு கொண்டு வந்தாங்க, நான் கல்யாணம் ஆகி மூணு வாடகை வீடு மாறிட்டேன், அந்த 100 யூனிட் ஒரு தடவை கூட எனக்கு வந்ததில்ல. எல்லாரும் சோலார், கம்பெனி மாத்தறதுன்னு பேசறீங்க, எனக்கு அரசாங்கம் குடுத்த சலுகையே வீட்டு கேட்டைத் தாண்டி உள்ள வரல.

---

ரெண்டு மாடி · 12 மே

நித்யா மேடம், நான் ஒரு ஓனர், தாம்பரத்துல. கோவிச்சுக்காதீங்க, ஓனர் பக்கமும் ஒண்ணு இருக்கு. மூணு போர்ஷன் ஒரே மீட்டர்ல ஓடுனா மொத்தம் 900 யூனிட் வந்துரும், மேல் ஸ்லாப்ல யூனிட் 9.45, 10.50ன்னு ஏறிரும். தண்ணி மோட்டார், படிக்கட்டு லைட் எல்லாம் ஓனர் தலையிலதான்.

---

திருச்சி வயர்மேன் · 12 மே

சார் 900 யூனிட்டுக்கு பில்லு எவ்ளோ வரும்னு பாப்போம். 300 யூனிட் 4.70ல 1,410, அப்புறம் 630, 840, 600ல இருந்து 800 வரைக்கும் 1,890, கடைசி நூறுக்கு 1,050. மொத்தம் 5,820. சராசரி யூனிட்டுக்கு ஆறரை ரூபா கூட வரல. பத்து ரூபா வாங்குறது எப்படி சரியாகும்? மோட்டாருக்கு தனியா மெயின்டனன்ஸ்னு வாங்குங்க, யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. மூணு போர்ஷனுக்கும் தனி சமையலறை, தனி வாசல் இருந்தா தனித்தனி கனெக்ஷனுக்கு எழுதி போட்டு பாருங்க, குடியிருக்குறவங்களுக்கும் நிம்மதி உங்களுக்கும் சண்டை இல்ல.

---

ரெண்டு மாடி · 12 மே

சரிங்க, கணக்கு போட்டு பாத்தேன், நீங்க சொல்றது சரி. நான் 8 வாங்கிட்டு இருக்கேன். இந்த மாசத்துல இருந்து பில்லை காட்டி பங்கு போட்டுக்கறேன்.

---

செம்பூர் ராகவன் · 12 மே

மும்பை பத்தி கேட்டிருக்கீங்க, நான் 26 வருஷமா செம்பூர்ல இருக்கேன், சொல்றேன். எல்லா இடத்துலயும் மாத்த முடியாது. மாதுங்கா, தாதர் பக்கம் பெஸ்ட்ங்கற மாநகராட்சி கம்பெனி, முலுண்ட் பாண்டுப் பக்கம் மாநில அரசு கம்பெனி, நடுவுல புறநகர்லதான் டாடா பவரா இல்ல இன்னொருத்தரான்னு தேர்ந்தெடுக்கலாம். அந்த இன்னொருத்தர் முன்னாடி ரிலையன்ஸ், 2018ல இருந்து அதானி. 2008ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து அடுத்த வருஷம்தான் இந்த மாத்துற வசதி ஆரம்பிச்சுது.

நான் அப்பவே மாத்தினேன். என்ன நடந்துச்சு தெரியுமா, மீட்டரையும் பில்லு மேல இருக்கற பேரையும்தான் மாத்தினாங்க. தெருவுல இருக்கற கேபிள் அதே கேபிள், டிரான்ஸ்ஃபார்மர் அதே டிரான்ஸ்ஃபார்மர். அந்த வயர் யாருதோ அவங்களுக்கு வாடகை மாதிரி ஒரு சார்ஜ், அது நம்ம பில்லுலயே வரும். ஆரம்பத்துல மாசம் கணிசமா மிச்சமாச்சு, ரொம்ப சந்தோஷமா இருந்தோம். அப்புறம் வருஷா வருஷம் ரெகுலேட்டரி கமிஷன் ரேட்டை திருத்த திருத்த அந்த வித்தியாசம் சுருங்கிட்டே வந்துச்சு, கூடுதல் சார்ஜ் வேற சேந்துச்சு. இப்ப பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கம்பெனி நான் ஒரு கம்பெனி, பில்லை பக்கத்துல வச்சு பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல. அப்புறம் முக்கியமா, தமிழ்நாட்டுல இருக்கற 100 யூனிட் இலவசம் இங்க எந்த கம்பெனியும் தராது. என் தங்கை திருநெல்வேலில கட்டுற பில்லை பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்கும். கம்பெனி மாத்தினா பில்லு பாதியாயிடும்னு நம்பிடாதீங்க.

ஒரு நல்லது மட்டும் நிச்சயமா சொல்லுவேன், இங்க மாசா மாசம் பில்லு. கண்ணுல அடிக்கடி படறதால கை தானா அடங்கும்.

---

ஹாரோ தமிழன் · 12 மே

லண்டன் அனுபவத்தையும் சேத்துக்கோங்க. இங்க வயர் ஒருத்தருது, கரண்ட் விக்கிறது வேற ஆளு, விக்கிறவங்க டஜன் கணக்குல இருந்தாங்க. வெப்சைட்ல போய் அஞ்சு நிமிஷத்துல மாத்திரலாம், நானே வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திட்டு இருந்தேன். 2021 கடைசில கேஸ் விலை ஏறுனதும் குறைஞ்ச ரேட்டுக்கு வித்த கம்பெனிங்க வரிசையா விழ ஆரம்பிச்சுது, அடுத்த வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட 30 கம்பெனி போச்சு. எங்க கம்பெனியும் அதுல ஒண்ணு. காலைல எந்திரிச்சா மெயில், நாங்க மூடிட்டோம், ஆஃப்ஜெம் (கரண்ட் கம்பெனிகளை கண்காணிக்கற அரசு அமைப்பு) உங்களுக்கு வேற கம்பெனி ஒதுக்கும், மீட்டர் ரீடிங் எடுத்து வைங்கன்னு. லைட் அணையல, கட்டியிருந்த அட்வான்ஸும் புது கம்பெனிக்கு போயிருச்சு, அந்த பாதுகாப்பு இருக்கு. ஆனா புது ரேட் ரொம்ப அதிகம், அந்த குளிர்ல ஒரே ரூம்ல ஹீட்டர் போட்டு பிள்ளைங்களை அங்கயே படுக்க வச்சோம். விழுந்த கம்பெனிகளோட செலவை கூட கடைசில எல்லாரோட பில்லுலயும்தான் பிரிச்சு போட்டாங்க.

2025 மே மாசத்துல இங்க யூனிட் சுமார் 27 பென்ஸ். அது போக ஒரு சுவிட்ச் கூட போடலன்னாலும் தினமும் 50 பென்ஸுக்கு மேல நிலையான சார்ஜ்.

பச்சை மின்சாரம்னு தனி திட்டம் விப்பாங்க, நானும் எடுத்தேன். பிளக்ல வர்றது பக்கத்து வீட்டுக்கு வர்ற அதே கரண்ட்தான், நாம கட்டுற காசுக்கு ஈடா காத்தாலைகிட்ட இருந்து சர்ட்டிஃபிகேட் வாங்கி வைக்கறாங்க. ஆனா ஒட்டுமொத்தமா நாடு மாறியிருக்கு, கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30ல மூடிட்டாங்க. அதை டிவியில பாத்தப்ப எனக்கு எண்ணூர் ஞாபகம்தான் வந்துச்சு, நான் பொறந்த ஊர் அத்திப்பட்டு.

---

கோவை மொட்டைமாடி · 13 மே

சோலாரைப் பத்தி நானு சொல்றனுங்க. சொந்த வீடு, பீளமேடு. போன வருசம் 3 கிலோவாட் போட்டனுங்க, எல்லாஞ் சேத்து 2,05,000. மத்திய அரசோட சூர்ய கர் திட்டத்துல 78,000 மானியம் பேங்க் அக்கவுண்ட்டுக்கே வந்துருச்சு, ஆக கைக்காசு 1,27,000. அந்த திட்டத்துல ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000தானுங்க.

வெயில் நல்லா இருந்தா ஒரு நாளைக்கு 12 யூனிட் வருதுங்க. ஐப்பசி கார்த்திகை மழையில 4, 5ன்னு கூட இறங்கிருச்சு. முன்ன எங்க பில்லு 620 யூனிட், அதாவது 3,069 ரூபா, இப்ப பெருசா ஒண்ணுமே வர்றதில்லைங்க. வருசத்துக்கு 18,000 மிச்சம், ஏழு வருசத்துல போட்ட காசு வந்துரும். உங்க பகுதில சோலாருக்கு நெட்வொர்க் சார்ஜ் உண்டான்னு மட்டும் முன்னாடியே கேட்டுட்டு கணக்கு போடுங்க.

ஆனா எல்லாருக்கும் இது ஆகாதுங்க. 350 யூனிட் ஓட்டுறவங்களுக்கு பில்லே 940தான், வருசத்துக்கு 5,640, அவங்க இதே செட்டை போட்டா காசு திரும்ப 22 வருசம் ஆகும். நம்மூர்ல கரண்ட் கம்மி விலைக்கு குடுக்கறதாலதான் சோலார் ஓடல, இதை விக்கிற கம்பெனிக்காரன் சொல்லவே மாட்டானுங்க. மதுரைக்கார அண்ணனுக்கு 2 கிலோவாட் போதும், ஆனா கனெக்ஷன் யார் பேர்ல இருக்குதோ அவங்கதான் அப்ளை பண்ணோணும், ஓனர் மனசு வெக்கணும்.

அப்புறம் தெரியாம ஏமாந்துராதீங்க, கரண்ட் போனா இந்த சோலாரும் நின்னுரும். உச்சி வெயில்ல பேனல் தகதகன்னு நிக்கும், வீட்ல ஃபேன் ஓடாது. லைன்ல வேலை பாக்குற ஆளுக்கு நம்ம வீட்டு கரண்ட் அடிச்சுரக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க, நியாயந்தான். பேட்டரி வேணும்னா அது தனி செலவு.

---

கயத்தாறு காத்து · 13 மே

எல்லாரும் பில்லு பத்தி மட்டும் பேசுறீங்க. எங்க ஊரைச் சுத்தி எந்த பக்கம் திரும்புனாலும் காத்தாடி. வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் ஊஊன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், சின்ன வயசுல இருந்து அது கேட்டுத்தான் தூக்கம். தமிழ்நாட்டுல 10,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாலை நிக்குது, முப்பந்தல், ஆரல்வாய்மொழி, பல்லடம், எங்க கயத்தாறு. மெட்ராஸ்லயும் கோயம்புத்தூர்லயும் ஏசி ஓடுதுன்னா அதுல எங்க ஊர் காத்தும் இருக்கு.

நான் காத்தாலைக்கு எதிரி இல்ல, எங்க அண்ணன் அதுல டெக்னீசியன், எண்பது மீட்டர் ஏணியில ஏறி இறங்கித்தான் எங்க குடும்பமே நிமிந்துச்சு. ஆனா ஒண்ணு, காத்து நின்னா நின்னதுதான். கார்த்திகை பொறந்துட்டா இறக்கை ஆடாது. சோலாரு சாயங்காலம் ஆறு மணிக்கு படுத்துரும், அப்பதான் ஊரே லைட்டு போடுது, ஏசி போடுது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாடு மொத்தம் 20,830 மெகாவாட் இழுத்துச்சு, அதுல பாதிக்கு மேல ராத்திரியும் வேணும். அதை எங்க இருந்து குடுப்பீங்க? நிலக்கரி இன்னைக்கே வேணாம்னு சொல்றவங்க அதுக்கு பதில் சொல்லணும்.

---

எண்ணூர் பொண்ணு · 13 மே

நான் பதில் சொல்றேன் அண்ணா. ராத்திரி கரண்ட் வேணும், ஒத்துக்கறேன், எங்க வீட்லயும் குழந்தை இருக்கு. ஆனா அந்த ராத்திரி கரண்டுக்கு எரிக்கற நிலக்கரியோட சாம்பல் எங்க மொட்டை மாடியில விழுது. வெள்ளை துணி காயப்போட மாட்டோம். காலைல வாசல் தெளிக்கும்போது வாளித் தண்ணி மேல மெலிசா சாம்பல் ஆடை கட்டி நிக்கும், அதை கையால ஒதுக்கிட்டுதான் தெளிப்பேன். கொசஸ்தலை ஆத்துல எங்க தாத்தா இறால் தடவி பிடிச்சாரு, கையை சேத்துல விட்டு தடவுனா இறால் சிக்கும். இப்ப அதே எடத்துல கையை விட்டா சாம்பல் சேறு, கையெல்லாம் அரிக்கும். உங்க பில்லுல யூனிட் 4.70ன்னு போட்டிருக்கே, அதுல எங்க ஆறு சேரல.

நாளைக்கே மூடுங்கன்னு நான் சொல்லல. புதுசா இன்னொரு நிலக்கரி மின் நிலையம் எங்க பக்கமே கட்டாதீங்க, சாம்பலை குழாய் உடையாம கொண்டு போங்க, பேட்டரிக்கு செலவு பண்ணுங்க. அவ்ளோதான்.

---

கயத்தாறு காத்து · 13 மே

தங்கச்சி நீ சொன்னது மனசுக்கு கஷ்டமா போச்சு. நான் பேசுனது கரண்ட் கணக்கு மட்டும்தான், நீ அதோட வந்து வாழுற. பேட்டரி வரணும்னு நானும் சொல்லுதேன், எங்க ஊர் காத்தை ஆடி மாசம் பிடிச்சு வச்சு ராத்திரிக்கு குடுக்க முடிஞ்சா எங்களுக்கும் பெருமைதான்.

---

கோண்டாவில் · 14 மே

நான் யாழ்ப்பாணம். எங்கட கதையையும் கேளுங்கோ. 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தனாங்கள், பிள்ளையள் மண்ணெண்ணெய் விளக்கில படிச்சதுகள், மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அந்த வருசம் ஆவணிக்கும் அடுத்த மாசிக்கும் இடையில ரெண்டு தரம் கட்டணம் கூட்டினவை, முதல் 75 வீதம் பிறகு 66 வீதம். அதுக்குப் பிறகுதான் அண்ணன் கனடாவில இருந்து காசு அனுப்பி வீட்டுக் கூரையில சோலார் போட்டனாங்கள். கரண்ட் பில் எண்டால் இப்ப பயமில்லை.

ஆனால் இந்த முறை வருசப்பிறப்பு லீவுக்கு ஃபேக்டரியள் பூட்டு, ஒருத்தரும் கரண்ட் பாவிக்கேல்லை, அதால கூரை சோலாரை பகலில நிப்பாட்டி வையுங்கோ எண்டு மின்சார சபை கேட்டது. மாசி மாசம் முழு நாடும் இருண்டது, அது திரும்ப நடக்கக் கூடாது எண்டுதான் கேட்டவை. மூண்டு வருசத்துக்கு முதல் ஒரு மணித்தியால கரண்டுக்கு ஏங்கின நாங்கள் இப்ப கரண்ட் கூடிப்போச்சு எண்டு நிப்பாட்டிறம். அப்ப கயத்தாறு தம்பி சொல்லுறது சரி, சோலார் போட்டால் மட்டும் காணாது, சேமிச்சு வைக்க வழி வேணும்.

---

புதுவை தொழிலாளி · 14 மே

கம்பெனி மாத்துறது பத்தி ஒரே ஒரு வார்த்தை. 2022ல மின்சார சட்டத் திருத்த மசோதா கொண்டு வந்தாங்க, ஒரே ஊர்ல பல கம்பெனி விக்கலாம்னு. எங்க புதுச்சேரில அதே வருஷம் தனியாருக்கு குடுக்கறோம்னு சொன்னதும் மின்துறை ஊழியர்கள் ஸ்ட்ரைக் பண்ணாங்க, நானும் வீட்ல இருட்டுல இருந்தேன், ஆனாலும் அவங்க பக்கம்தான் நின்னேன். புயல் அடிச்சு கம்பம் சாஞ்சா தோள்ல தூக்கி நிறுத்துறது லைன்மேன்தான். அஞ்சு கம்பெனி பில்லு போட்டா அந்த ஆளு யாரோட ஆளு? செம்பூர் சார் சொன்ன மாதிரி வயர் ஒண்ணு, பில்லு மேல பேருதான் வேற.

---

கூடல்நகர்வாசி · 20 ஜூலை 2025

எல்லாருக்கும் பதில் சொல்லணும்னுதான் அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் காத்திருந்தேன். 471 யூனிட், பில்லு 1,622.

வயர்மேன் அண்ணே சொன்னதை அன்னைக்கு ராத்திரியே செஞ்சேன். எல்லாத்தையும் அணைச்சுட்டு மீட்டர் முன்னாடி நின்னா சிவப்பு லைட் நிமிசத்துக்கு ரெண்டு தடவை மின்னுது. ஒவ்வொண்ணா புடுங்கி பாத்தோம். டிவி பெட்டி ஒண்ணு. இன்னொண்ணு ஏசியோட ஸ்டெபிலைசர், ஏசியை ரிமோட்ல அணைச்சாலும் அது பாட்டுக்கு சூடா உக்காந்திருக்கு, தொட்டு பாத்தா இளஞ்சூடு. இப்ப காலைல எந்திரிச்சதும் சுவத்துல சுவிட்சையே அணைச்சுர்றோம், அது சின்ன மக வேலை. ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரும் மாத்துனோம், ஒரு ரூபா நோட்டை கதவுல வச்சு மூடி இழுத்தா சும்மா வழுக்கிட்டு வந்துச்சு. அம்மா ரூம்ல மட்டும் 30 வாட் ஃபேன் ஒண்ணு மாட்டுனேன், பழசு 75 வாட், நாளுக்கு 15 மணி நேரம் ஓடுனா அதுலயே ரெண்டு மாசத்துக்கு 40 யூனிட் மிச்சம். ஏசியை ஒரு நாள் கூட நிறுத்தல.

ஓனர்ட்ட சோலார் பேசுனேன். அவரு கீழ்வீட்டு பில்லு 700 யூனிட்டை தாண்டுதாம், கோவை அண்ணன் கணக்கை அப்படியே போன்ல காட்டுனேன், ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. முதல்ல அவரு கனெக்ஷனுக்கு 3 கிலோவாட் போடுறாராம், எங்களுக்கு 2 கிலோவாட் போட்டா வாடகையில எவ்ளோ சேக்குறதுன்னு பேசிக்கலாம்னு சொல்லிருக்காரு. பாக்க வந்த ஆளு தெக்கு பக்கம் தென்னை நிழல் மூணு மணிக்கு மேல பேனல் மேல விழும்னு சொல்லிட்டாரு. மரத்தை வெட்ட ஓனரம்மா விடல, அவங்க மாமியார் வச்ச மரமாம். அதனால ஸ்டாண்டை வடக்கு ஓரமா நகத்தி போட முடியுமான்னு ஞாயித்துக்கிழமை மறுபடி அளக்க வர்றாங்க, நானும் டேப்பை பிடிக்க மாடிக்கு போறேன்.

நித்யா மேடம், உங்க ஓனர் ஏதாச்சும் இறங்கி வந்தாரா?

---

வேளச்சேரி நித்யா · 21 ஜூலை

900 யூனிட் கணக்கை தாள்ல எழுதி கொண்டு போய் குடுத்தேன் அண்ணா. ரெண்டு நாள் பேசல. இப்ப 7 ரூபா வாங்கறாரு. தனி கனெக்ஷன் கேட்டிருக்கேன், ஆடி முடியட்டும்னு சொல்லியிருக்காரு.